மிதி

வூச் நகரத்து டிராமில்
என் இடது காலுக்கு ஒரே ஒரு வேலை.
ஒரு மிதியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.
எடுத்தால் மணி அடிக்கும்.
அப்போதும் மிதிக்காவிட்டால்
ஓட்டுபவன் செத்தான் என்று முடிவு கட்டி
வண்டி தானாக நின்றுவிடும்.
விழித்திருப்பவன் என்று அதற்கு எங்கள் பாஷையில் பெயர்.
பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட
அதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மகள் எண்ணூற்று அறுபது கிராம்.
கறுப்பு ரொட்டி ஒன்றை நேற்று நிறுத்துப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

அவளுக்கு மூச்சு விட மறந்துபோகிறது.
மறதிதான், இந்த வாரக்கணக்கில் எல்லாருக்கும் வருவது
என்கிறார் டாக்டர்,
பேருந்தில் குடையை விட்டுவந்தவனைப் பற்றிச் சொல்வதுபோல.
மணி அடிக்கிறது.
நர்ஸ் வியோலெத்தா பேச்சை நிறுத்தாமலே
கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவில் கைவிட்டு
உள்ளங்காலில் ஒரு சுண்டு.
ஞாபகம் வந்துவிடுகிறது.

போக்னா ஊரின் மறுகோடியில், வேறு ஆஸ்பத்திரியில்,
ரத்த அழுத்தம் இன்னும் இறங்காமல்.
அவள் பாலை நான் சுமக்கிறேன்,
பதினாறு மில்லி,
கோடையில் ஏரிக்கரைக்கு பியர் கொண்டுபோன பையில்.
அம்மா எப்படி, கேட்கிறார்கள்.
குழந்தை எப்படி, கேட்கிறார்கள்.
இரண்டுக்கும் என்னிடம் எண்கள் இருக்கின்றன.
மூன்றாவதாக ஒரு கேள்வி வந்துவிடுமோ என்று
படிக்கட்டிலேயே இறங்கிவிடுகிறேன்,
லிஃப்ட் இருந்தும்.

விடுப்பு இரண்டு வாரம் உண்டு.
எடுக்கவில்லை.
அவள் வீட்டுக்கு வரும்போது வேண்டுமே.
வரும்போது என்று சொல்லிப் பழகியிருக்கிறேன்.
இன்னொரு சொல் நாக்கின் கீழேயே கிடக்கிறது.

வியாழக்கிழமை, பனி பெய்துகொண்டிருந்தது.
டிராம் கதவு மூடும் ஒலியும்
அவள் பெட்டியின் ஒலியும் ஒரே சுருதி என்று
எனக்குத் திடீரென்று தெரிந்துபோனது.
பிரேக் போட்டுவிட்டேன்.
ஆட்கள் சாய்ந்தார்கள். யாருடைய பையிலிருந்தோ
வெங்காயங்கள் உருண்டு என் அறை வரை வந்தன.
ஒரு கிழவர் தடியால் கண்ணாடியைத் தட்டினார்.
ரேடியோவில் லெஷெக்:
தடத்தில் ஏதாவது இருந்ததா?
நாய், என்றேன்.
படிவத்தில் நாயின் நிறத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது.
பழுப்பு, என்று எழுதினேன்.
அன்றைக்கெல்லாம் அந்த இல்லாத நாய்
குளிரில் எங்கே ஒதுங்கியிருக்கும் என்று கவலைப்பட்டேன்.

அன்று ராத்திரி கையை முழங்கைவரை கழுவி,
மருந்து நீரில் வெடித்த விரல்கள் எரிய,
அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
தடவக் கூடாதாம், தோல் தாங்காது.
கையை வைத்து அசையாமல் இருக்க வேண்டுமாம்.
அதுகூடக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மணி.
வியோலெத்தா எதிர்ப் பெட்டியில், இரண்டு கையும் உள்ளே.
திரும்பாமல் சொன்னாள்,
நீங்கள்தானே பக்கத்தில் இருக்கிறீர்கள்.

சுண்டினேன்.
சுண்டல் இல்லை அது, மன்னிப்புக் கேட்பது.
எண் இறங்கியது. எழுபது. அறுபத்தி நாலு.
இன்னும் பலமாக, என்றாள், உடைந்துவிடமாட்டாள்.
என் சுண்டுவிரல் நகம் அளவு குதிகாலில்
இன்னும் பலமாக.

முகம் சுளித்தாள் மகள்.
டிப்போவில் முதல் வண்டிக்கு எழுப்பப்பட்டவனின்
அதே எரிச்சல்.
மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வியோலெத்தா வந்து
குழாய்களைப் பார்த்தாள், எண்களைப் பார்த்தாள்,
பிறகு என் காலைப் பார்த்தாள்.
நாற்காலியின் அடியில்
பனி உருகி ஈரமான தரையில்
இடது பூட்ஸை முழுப் பலத்தோடு
அழுத்திக்கொண்டிருந்தேன்.
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.
தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

எடுக்கலாம், என்றாள்.

தலையாட்டினேன்.
எடுக்கவில்லை.